ஊற்றி ஓட்டுவது பழுது பார்ப்பது ஆகாது

திருப்புலிவனத்திலும் உத்திரமேரூர் வட்டாரத்திலும் பழைய டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும், அதை ஓட்டுகிறவர்களுக்கும், அதைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த மடல்.

உங்களிடம் கேட்டுக்கொள்ள விரும்புவது ஒன்றுதான். இன்ஜின் ஆயில் ஓடும் பைப்புகளில் ஏதாவது ஒன்று ஒழுகினால், ஆயிலை ஊற்றி ஊற்றி ஓட்டாதீர்கள். அந்தப் பைப்பைச் சரி செய்துவிட்டு ஓட்டுங்கள். இதற்கு ஒரு மடல் தேவையா என்று கேட்கலாம். "பழைய வண்டின்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும்" என்ற பேச்சு நம் ஊர்களில் ஆழமாக வேரோடியிருப்பதால் தேவைப்படுகிறது. வயது எதையும் ஒழுக வைப்பதில்லை. ஒழுக்கு என்பது குறிப்பிட்ட ஓர் இடத்தில், குறிப்பிட்ட ஒரு காரணத்தால் வருவது. ஒரு செம்பு வாஷர் இறுகித் தேய்ந்திருக்கும்; பைப்பைப் பிடித்திருந்த கிளிப் எப்போதோ கழன்று விழுந்திருக்கும்; நட்டுக்குப் பின்னால் முடி அளவு விரிசல் விட்டிருக்கும். காரணம் ஒன்று இருப்பதால் அதற்குத் தீர்வும் இருக்கிறது. வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டால் காரணத்தைத் தேட வேண்டியதில்லை என்பதுதான் அந்தப் பேச்சில் உள்ள வசதி. அந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலை மிக அதிகம் என்பதே என் வாதம்.

எல்லா ஒழுக்கும் ஒன்றல்ல என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஏரிப் பாசனத்தில் பழகிய உங்களுக்கு இதை விளக்குவது எளிது. ஏரி நிரம்பியிருக்கும்போது கரையின் வெளிச்சரிவில் ஈரம் தெரியும். சில இடங்களில் தெளிந்த நீர் கசியும். அதைப் பார்த்து யாரும் ஊரைக் கூட்டுவதில்லை, கண்காணித்துக்கொள்வார்கள். அதே கசிவு கலங்கலாக, மண்ணோடு சேர்ந்து வரத் தொடங்கினால் அன்றிரவே மணல் மூட்டையோடு ஆட்கள் கரையில் நிற்பார்கள். இன்ஜினிலும் அப்படித்தான். டேப்பட் கவர் கேஸ்கெட் ஓரமாக ஈரம் கட்டி, அதன்மேல் தூசி படிந்து கறுப்பாக இருப்பது அழுத்தம் இல்லாத ஆயிலின் கசிவு. அது அழுக்கு, அவசரம் இல்லை. ஆயில் பம்பிலிருந்து புறப்பட்டு ஃபில்டருக்கும், ராக்கருக்கும், ஆயில் கூலர் இருந்தால் அதற்கும், டேஷ்போர்டில் இருக்கும் பிரஷர் கேஜுக்கும் போகும் பைப்புகளில் ஓடுவது வேறு. அது இன்ஜின் ஓடும்போதெல்லாம் சதுர அங்குலத்துக்கு 40, 50 பவுண்டு அழுத்தத்தில் தள்ளப்படும் ஆயில். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் நேரத்தில், கெட்டியான ஆயிலின் அழுத்தம் இன்னும் அதிகமாக இருக்கும். அந்தப் பைப்பில் இன்று சொட்டாக வருவது நாளை பீய்ச்சலாக வரலாம். இந்த இரண்டையும் "ஆயில் லீக்" என்ற ஒரே பெயரில் அழைத்து, இரண்டையும் ஒரே அலட்சியத்தோடு பார்ப்பதுதான் பல இன்ஜின்களைக் கொன்றிருக்கிறது.

சொட்டுதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 20 சொட்டு. பத்து நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் மணிக்கு 18 மில்லி. நாளுக்கு எட்டு மணி நேர ஓட்டம் என்றால் 144 மில்லி. மாதத்தில் 25 நாள் ஓட்டினால் 3.6 லிட்டர். மூன்று சிலிண்டர் டிராக்டரின் சம்ப் பிடிப்பதே சுமார் ஆறேழு லிட்டர்தான். அதில் பாதி மண்ணில் போய்விட்டது. லிட்டர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஒழுகுகிறது. ஒழுகும் பைப்பை மாற்ற ஆகும் செலவு பெரும்பாலும் இந்த ஒரு மாதக் காசுக்குள் அடங்கிவிடும். ஆனால் பணக்கணக்கு இந்த விஷயத்தில் சின்னப் பகுதிதான். சொட்டு எப்போதும் சொட்டாகவே இருக்கும் என்று நம்புவதற்கு இடமே இல்லை என்பதுதான் பெரிய பகுதி. கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனமுள்ள ஆயில் படலம். இன்ஜின் 2000 ஆர்பிஎம்மில் ஓடும்போது கிராங்க் நொடிக்கு 33 சுற்று சுற்றுகிறது. அழுத்தம் போய்விட்டால் அந்தப் படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உரசும். ஆயில் பம்ப் நிமிடத்துக்குப் பல லிட்டர் தள்ளக்கூடியது. அழுத்தப் பைப் ஒன்று முழுவதும் அறுந்தால், சம்ப் காலியாகச் சில நிமிடங்கள் போதும். ஓட்டுநர் பின்னால் திரும்பி ரோட்டவேட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். அதன் பிறகு கிராங்க் கிரைண்டிங், பேரிங் செட், சில சமயம் பிஸ்டன் லைனர் வரை போகும். எங்கோ ஒரு முனையில் வாஷர் மாற்றாததற்கு முழு இன்ஜின் வேலை.

இதைச் சொன்னால், "கேஜ் பார்த்துக்குவோம், பிரஷர் இறங்கினா நிறுத்திடுவோம்" என்கிறவர்கள் உண்டு. நியாயமான பதில்தான், கேஜ் வேலை செய்தால். நம் பக்கத்துப் பழைய டிராக்டர்களில் முதலில் ஒழுகுவதே பெரும்பாலும் அந்தக் கேஜுக்குப் போகும் மெல்லிய பைப்தான். அதற்குச் செய்யப்படும் வைத்தியம் என்ன? பைப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, இன்ஜின் பக்கத்து ஓட்டையில் ஒரு போல்ட்டைப் போட்டு அடைத்துவிடுவது. ஒழுக்கு நின்றுவிடும், உண்மை. கூடவே இன்ஜினுக்குள் நடப்பதைத் தெரிவிக்கும் ஒரே கண்ணும் அவிந்துவிடும். அடுத்த முறை வேறொரு பைப் போகும்போது யாருக்கும் தெரியாது. கேஜ் இருந்தாலும் அதை நம்பும் பழக்கம் வேண்டும் என்பதற்கு விமான உலகத்திலிருந்து ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 1983 மே 5 அன்று அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸின் நாசாவுக்குப் புறப்பட்ட ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855 விமானத்தில் 172 பேர் இருந்தார்கள். மூன்று இன்ஜின் கொண்ட லாக்ஹீட் விமானம் அது. முதல் நாள் இரவு பராமரிப்பின்போது, ஆயிலில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்கும் சிறு கருவியை மூன்று இன்ஜின்களிலும் கழற்றிப் புதிது மாட்டினார்கள். அதற்குரிய ஓ-ரிங் ரப்பர் வளையங்களைப் போட மறந்துவிட்டார்கள். பறக்கும்போது மூன்றிலும் ஆயில் வெளியேறியது. முதலில் ஒரு இன்ஜினில் அழுத்தம் குறைந்ததால் அதை நிறுத்தித் திரும்பினார்கள். பிறகு மற்ற இரண்டின் கேஜ்களும் இறங்கியபோது, மூன்றும் ஒரே நேரத்தில் கெடுவது நடக்காத காரியம், கேஜில்தான் கோளாறு என்று விமானிகள் எண்ணினார்கள். சற்று நேரத்தில் இரண்டு இன்ஜின்களும் நின்றன. கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த விமானத்தில், முதலில் நிறுத்திய இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்ய முடிந்ததால் எல்லோரும் உயிரோடு மயாமிக்குத் திரும்பினார்கள். பயிற்சி பெற்ற விமானிகளே கேஜை நம்பத் தயங்கினார்கள் என்றால், கேஜே இல்லாமல் ஓட்டும் நாம் எந்தத் துணிச்சலில் ஓட்டுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

பைப் ஏன் விரிசல் விடுகிறது என்று தெரிந்தால்தான் சரியாகப் பழுது பார்க்க முடியும். முதல் எதிரி அதிர்வு. சேற்றுழவில் கூண்டுச் சக்கரம் (கேஜ் வீல்) மாட்டி ஓட்டும்போதும், காய்ந்த கட்டாந்தரையில் ரோட்டவேட்டர் போடும்போதும் வண்டி முழுவதும் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தைத் தாங்கத்தான் உற்பத்தியாளர்கள் பைப்பை நடுநடுவே கிளிப் போட்டுப் பிடித்திருக்கிறார்கள். கேஜ் பைப்பில் ஓரிரு சுருளும் விட்டிருக்கிறார்கள். எப்போதோ ஒருமுறை கழற்றி மாட்டும்போது கிளிப் தொலைகிறது. நீளமாக இருக்கிறதே என்று சுருளை வெட்டி நேராக்கி மாட்டுகிறார்கள். அன்றிலிருந்து அதிர்வு முழுவதும் நட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரே இடத்தில் இறங்குகிறது. செம்பு, அசைய அசைய இறுகி உடையக்கூடியதாக மாறும் உலோகம். எனவே ஒருநாள் அந்த இடத்தில் விரிசல் விடுகிறது. அல்லது பைப் அருகிலிருக்கும் இரும்பில் உரசி உரசி, உரசும் பக்கம் மட்டும் மெலிந்துபோகிறது. 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவான்டஸ் ஏ380 விமானத்தின் இன்ஜின் ஒன்று வானத்திலேயே வெடித்துச் சிதறியதற்கு, உள்ளே இருந்த ஒரு குட்டை ஆயில் பைப் காரணம் என்று ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு கண்டறிந்தது. அதைக் கடையும்போது மையம் தவறியதால் ஒருபக்கச் சுவர் மெலிந்திருந்தது. அங்கே விரிசல் விட்டு, ஆயில் கசிந்து தீப்பிடித்து, டர்பைன் தட்டு உடைந்தது. 469 பேர் உயிர் தப்பினார்கள். உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானத்துக்கும் நம் வயலில் ஓடும் டிராக்டருக்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசம் இல்லை: ஆயில் பைப்பின் சுவர் ஓரிடத்தில் மெலிந்தால், அது அங்கேதான் விரிசல் விடும்.

இப்போது நாம் வழக்கமாகச் செய்யும் வைத்தியங்களைப் பார்ப்போம். விரிசல் விட்ட பைப்பை வெட்டிவிட்டு, நடுவில் தண்ணீர் ஹோஸையோ தெளிவான பிவிசி டியூபையோ செருகி இரண்டு கிளிப் போட்டு முறுக்குவது ஒன்று. ஓடும் இன்ஜினில் ஆயில் 90, 100 டிகிரியைத் தொடும். பிவிசி அதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். ரேடியேட்டர் ஹோஸ் சூட்டைத் தாங்கும், ஆனால் அந்த ரப்பர் தண்ணீருக்காகச் செய்யப்பட்டது. ஆயில் பட்டால் உப்பிக் கொழகொழத்துப் போகும். பார்க்க ரேடியேட்டர் ஹோஸும் ஆயில் ஹோஸும் கறுப்பு ரப்பராகத் தெரிவதால் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆயில் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், நைட்ரைல் ரப்பரால் ஆனதாக இருக்கட்டும். எபாக்ஸி பசையைப் பிசைந்து விரிசல் மேல் அப்புவது இன்னொன்று. ஆயில் ஊறிய உலோகத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. பிடித்தாலும் அதிர்வில் தெறித்துவிடும். மூட்டுகளில் டெஃப்லான் டேப் சுற்றுவதும், சிலிகான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசுவதும் இவற்றைவிட ஆபத்தானவை. வெளியே பிதுங்கியது நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது துண்டு துண்டாக உதிர்ந்து, ராக்கருக்குப் போகும் சிறு துவாரத்திலோ சம்ப்புக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னரிலோ போய் அடைத்துக்கொள்ளும். ஒழுக்கை நிறுத்தப் போய் ஆயில் ஓட்டத்தையே நிறுத்தியதாக முடியும்.

சரியான முறை கடினமானதல்ல. பேஞ்சோ போல்ட் உள்ள இடங்களில் இரண்டு பக்கமும் உள்ள செம்பு வாஷரை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மாற்றுங்கள். புதிது கையில் இல்லை என்றால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு இளகி மறுபடி மென்மையாகும். மேடுபள்ளம் இல்லாமல் தேய்த்துப் போடலாம். பட்டறைகளில் பழைய கைகளுக்குத் தெரிந்த வித்தைதான் இது, இப்போது மறந்துகொண்டிருக்கிறோம். வாஷரை மாற்றாமல் போல்ட்டை மட்டும் மேலும் மேலும் முறுக்குவதால் பயன் இல்லை. அந்த போல்ட் உள்ளே துளையுள்ளது. அளவு மீறினால் முறிந்து பாதி உள்ளே நின்றுவிடும். பைப்பே போய்விட்டால் அதே உள்விட்டம், வெளிவிட்டம் உள்ள புதுக் குழாயை வளைத்து, முனையை ஃபிளேர் செய்து மாட்டுவதே நல்லது. பற்றவைத்தே ஆக வேண்டும் என்றால் கேஸ் வைத்துப் பித்தளையில் பற்றவையுங்கள். ஈயப் பற்றாசு 180 டிகிரிவாக்கிலேயே உருகத் தொடங்கும், அதிர்வையும் தாங்காது. ஆர்க் வெல்டிங் மெல்லிய குழாயை எரித்துத் துளைத்துவிடும். வேலை முடிந்ததும் குழாய்க்குள் காற்றடித்துப் பொடியை வெளியேற்றுங்கள். கிளிப்பையும் சுருளையும் இருந்தபடியே திரும்ப வையுங்கள். காரணம் அங்கேதான் இருந்தது என்பதால், இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் முன்னால் செய்தது எல்லாம் வீண்.

இன்னொரு பிரச்சினை, ஒழுகும் இடத்தைத் தவறாகக் கண்டுபிடிப்பது. ஆயில் கீழ்நோக்கி வழியும். ரேடியேட்டர் ஃபேன் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். மேலே முன்பக்கம் ஒரு யூனியனில் ஒழுகுவது, கீழே பின்பக்கம் கிளட்ச் ஹவுசிங் ஓரத்தில் சொட்டும். அதைப் பார்த்துவிட்டு பின் ஆயில் சீல் போய்விட்டது என்று வண்டியை இரண்டாகப் பிளந்த கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு. முதலில் இன்ஜினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி நன்றாகக் காய விடுங்கள். சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, இன்ஜினை முதலில் மெதுவாகவும் பிறகு சற்று வேகமாகவும் ஓட விட்டு, மேலிருந்து கீழாகப் பாருங்கள். எங்கே முதலில் கறுக்கிறதோ அதுதான் இடம். கையை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டாம். பெல்ட்டும் ஃபேனும் பக்கத்திலேயே சுற்றுகின்றன. இன்ஜெக்டர் டீசல் பைப்பாக இருந்தால் அதிலிருந்து வரும் பீய்ச்சல் தோலையே துளைத்து உள்ளே போகும். டிப் ஸ்டிக்கையும் பாருங்கள். அளவு குறையாமல் கூடிக்கொண்டே போனால் டீசலோ தண்ணீரோ ஆயிலில் கலக்கிறது என்று பொருள். அது வேறு நோய். ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் ஒழுகினாலோ, புதிதாகப் போட்ட சீலும் மாதத்துக்குள் ஒழுகினாலோ, பிரீதர் பைப் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. சம்ப்புக்குள் சேரும் காற்றுக்குப் போக வழி இல்லை என்றால், அது எந்த வாசலிலாவது ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரத்தான் செய்யும். டர்போ உள்ள வண்டிகளில் டர்போவிலிருந்து திரும்பும் பைப் அடைத்திருந்தாலும் இதே கதை. நல்ல டர்போவைக் குறை சொல்லிக் கழற்றுவார்கள்.

தீ பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. அறுவடைக்குப் பிறகு இந்த வட்டாரத்துச் சாலைகளில் வைக்கோல் கட்டுகளை மலைபோல் ஏற்றிய டிரெய்லர்கள் போகின்றன. இன்ஜினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வேலைச் சுமையில் பல நூறு டிகிரி சூடாகும். அதன்மேல் ஆயில் பீய்ச்சினால் முதலில் புகை, பிறகு தீ. பக்கத்தில் ஒட்டியிருக்கும் வைக்கோல் தூசியும் சேர்ந்துகொள்ளும். அழுத்தப் பைப் எக்ஸாஸ்ட் பக்கமாகப் போகும் வண்டியில் ஈரம் தெரிந்தால், வைக்கோல் ஏற்றும் வேலைக்கு அந்த வண்டியை அனுப்பாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

இனி எதிர்வாதங்கள். "இந்தப் பழைய மாடலுக்கு பைப்பே கிடைக்கல" என்பது அடிக்கடி கேட்பது. ஒரு பகுதி உண்மை. எல்லா உதிரிபாகமும் உத்திரமேரூர் கடையில் இருக்காது. ஆனால் ஆயில் பைப் என்பது அச்சில் வார்த்த பாகம் அல்ல, முனைகளில் மூட்டு வைத்த ஒரு குழாய். பழைய முனைகளைக் காப்பாற்றி வைத்திருந்தால் நடுவில் புதுக் குழாய் போட்டுத் தர ஒரு நல்ல பட்டறையால் முடியும். ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் செய்யும் கடைகளில் அளவுக்கு வெட்டி இரு முனையிலும் மூட்டு அழுத்தித் தருவார்கள். ஆயிலையும் சூட்டையும் தாங்கும் ஹோஸா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி பெர்குசன்களும், சிம்சன் இன்ஜின் பொருத்திய வண்டிகளும் தமிழ்நாடெங்கும் இன்னும் ஓடுவதே, அவற்றை உள்ளூர்க் கைகளால் பிரித்துச் சேர்க்க முடிவதால்தான். அந்த எளிமையைப் பயன்படுத்திக்கொள்வோம்.

"சீசன் நேரத்துல வண்டியை நிறுத்த முடியாது" என்பது இதைவிட வலுவான வாதம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பருவமும் ஓடும் ஊரில், ஏரித் தண்ணீர் கிடைக்கும் சில வாரங்களுக்குள் உழவு முடிய வேண்டும். வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு அந்த வாரங்கள்தான் ஆண்டு வருமானம். அதனாலேயே இந்த வேலையைப் பருவத்துக்கு நடுவில் வைக்காதீர்கள் என்கிறேன். நடுவில் வந்துவிட்டால் அழுத்தப் பைப்புக்கு அரைநாள் ஒதுக்கத்தான் வேண்டும். பேரிங் அடித்துவிட்டால் பருவமே போய்விடும். அழுத்தம் இல்லாத கசிவு என்றால் டிப் ஸ்டிக்கைக் காலையும் மதியமும் பார்த்துப் பருவம் முடியும்வரை ஓட்டுங்கள், அதை நான் மறுக்கவில்லை. ஒரு கைப்பிடி செம்பு வாஷர்களும் ஒரு ஹோஸும் டூல் பாக்ஸில் இருந்தால் அந்த அரைநாள் இரண்டு மணி நேரமாகக் குறையும்.

மெக்கானிக்குகளின் பக்கத்திலிருந்து வரும் குறையை உரிமையாளர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கழுவி, காய வைத்து, பவுடர் தூவி, ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்கு யாரும் கூலி தருவதில்லை. "என்ன பெரிசா செஞ்சுட்ட, ஒரு வாஷர்தான மாத்தின?" என்று கேட்கிறோம். பெரிய பாகம் மாற்றினால் பெரிய கூலி, சின்னது மாற்றினால் சின்னக் கூலி என்று இருந்தால், தேடும் பொறுமை எங்கிருந்து வரும்? பேஸ்ட் அப்பி அனுப்புவது அவர்களுக்கு நாம் கற்றுக்கொடுத்த பழக்கம். தேடுவதற்கு என்று தனிக் கூலி பேசுங்கள். பதிலுக்கு, கழற்றிய வாஷரையும் பைப்பையும் உரிமையாளர் கையில் கொடுத்து, காரணத்தைச் சொல்லிவிட்டு வண்டியை விடுங்கள் என்று மெக்கானிக்குகளையும் கேட்கிறேன்.

புது வண்டி வாங்கிவிட்டால் என்ன என்பவர்களும் இருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்குப் புது டிராக்டர் என்பது பல ஆண்டுக் கடன். அந்த வண்டியிலும் ஆயில் பைப் இருக்கும், அதுவும் ஒருநாள் அதிரும். பழைய வண்டியில் ஒழுக்கைப் பார்க்கப் பழகாதவர் புதிய வண்டியில் மட்டும் பார்க்கப் போவதில்லை.

கடைசியாக நிலமும் நீரும். ஒழுகிய ஆயில் எங்கும் போய்விடுவதில்லை. சேற்றுழவின்போது நேராக வயல் நீரில் மிதக்கிறது, அங்கிருந்து வாய்க்காலுக்கும் கீழ் ஏரிக்கும் இறங்குகிறது. ஒரு வண்டிக்கு ஒருமுறை மாற்றும் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கக்கூடியது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. ஓடித் தேய்ந்த ஆயிலில் உலோகத் துகள்களும் எரிந்த எச்சங்களும் இருப்பதால்தான் நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகள் அதை அபாயக் கழிவாகவே வகைப்படுத்துகின்றன. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921-ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்கின்றன என்று பெருமையோடு பேசுகிறோம். அந்தத் தேர்தல் எதற்காக நடந்தது என்பதையும் பேச வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஆறு பேர் ஏரி வாரியத்துக்குப் போனார்கள். 360 நாள் ஏரியைப் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. பராமரிப்பை யாரோ மனம் வந்தபோது செய்யும் காரியமாக விடாமல், ஆண்டுக் கணக்கில் ஆள் வைத்துச் செய்த ஊர் இது. அந்த ஏரிகளின் நீரில் ஆயில் படலம் மிதக்க நாமே காரணமாக இருக்கக் கூடாது.

ஆகவே என் வேண்டுகோள் இது. நவரை அறுவடை முடிந்து அடுத்த உழவு தொடங்கும் முன் ஒரு நாளை ஒதுக்குங்கள். தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே மெக்கானிக்கை அழைத்தால் செலவும் பகிரும். இன்ஜினைக் கழுவி, அழுத்தப் பைப்புகள் ஒவ்வொன்றையும் முனையிலிருந்து முனைவரை பார்த்து, தொலைந்த கிளிப்பை மாட்டி, அடைத்து வைத்த கேஜ் பைப்பைத் திரும்பக் கொண்டுவந்து கேஜை உயிர்ப்பியுங்கள். அன்று வடிக்கும் ஆயிலைத் தரையிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்க உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். மூடி இல்லாத வாளியில் வைத்தால் முதல் மழையிலேயே அது வழிந்து வாய்க்காலுக்குப் போய்விடும்.